கிளிஞ்சலா, கூழாங்கல்லா, கட்டையா?

கடற்கரையில் பொறுக்கியதை நகையாக்க உட்காரும்போது முதலில் வந்து நிற்பது துளைப் பிரச்சினைதான். எவ்வளவு அழகான பொருளானாலும் வளையமோ நூலோ கோக்க வழி வேண்டும். அதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

என் முதல் ஓட்டு கிளிஞ்சலுக்கு. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 3, 4 தான். சாதாரண ட்ரில் பிட்டே போதும். அதைவிட மேல், தேடினால் துளையோடே கிடைக்கும். இருவோட்டுச் சிப்பியின் மூட்டுப் பக்கம் பாருங்கள். சிலவற்றில் கருவி வைத்துப் போட்டதுபோல் ஒரு வட்டத் துளை இருக்கும். நிலா நத்தை என்ற கடல் நத்தை அமிலம் சுரந்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டி, உள்ளிருந்த உயிரைத் தின்றுபோன தடம் அது. வெளியே அகன்று உள்ளே குறுகும், திருகாணித் தலை பதியக் குடைந்த மாதிரி. அதில் வளையம் மாட்டினால் விசிறி விரிந்த பக்கம் கீழே பார்க்கத் தொங்கும். தோடுக்கு இதைவிட என்ன வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த, துளையுள்ள சிறு நத்தை ஓடுகளுக்குச் சுமார் 75,000 வயது. கோத்து அணிந்ததில் தேய்ந்த தடங்கள் அவற்றில் இன்னும் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. ஓடு கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். அழுக்குப் போக வினிகரில் ஊறவைத்து, அழகான வரிகளையே இழந்திருக்கிறேன். நல்ல தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். துளையிடுவதானால் ஓட்டை நனைத்துக்கொண்டு, கையால் சுழற்றும் ட்ரில்லில் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கூழாங்கல் ஏமாற்றும். ஈரத்தில் மின்னியது, காய்ந்ததும் வெளிறிவிடும். மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியதால் வந்த நிறம் அது. திரும்ப வேண்டுமென்றால் நீர் உப்புத்தாளில், சொரசொரப்பான 220 எண்ணில் தொடங்கி 400, 600, 1000 என்று நைசாக்கிக்கொண்டே தேய்க்க வேண்டும். குவார்ட்ஸ் வகைக் கல் கடினத்தன்மையில் 7. வைர முனை பிட் இல்லாமல் துளை விழாது. நான் துளைக்கே போவதில்லை, செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டிவிடுவேன். தோடுக்குக் கனம் அதிகம். ஆனால் டாலராகச் செய்தால் மூன்றிலும் நீண்ட நாள் உழைப்பது இதுதான்.

கடலில் மிதந்து, சாம்பல் நிறமாகிக் கரை ஒதுங்கிய கட்டை லேசானது, ஊசி முனையே துளைத்துவிடும். உள்ளே உப்பு இருக்கும். சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். பளபள வார்னிஷ் அடித்தால் அந்தச் சாம்பல் நிறமே போய்விடும்.

கிளிஞ்சலிலும் நான் எடுப்பது இருவோட்டுச் சிப்பியின் தனி ஓடுகளை மட்டுமே. சுருள் நத்தை ஓடு துறவி நண்டுக்கு வீடு. காலியாகத் தெரிந்தாலும் அதை மணலிலேயே விட்டுவிடுகிறேன்.