“சாப்பிட்டுட்டு வாங்க சார்” என்றால் போகாதீர்கள்: புதுக் கம்ப்யூட்டருக்குள் எனக்குக் கிடைத்த பழைய சாமான்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 58,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு மாதம் நான் பட்ட பாடு இது.

குரோம்பேட்டையில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் உண்டு. இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ அழைப்பிதழும் கேட்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் வீடியோவுக்குத் திணறியது. ஆடியில் வேலை குறைவு, அப்போதே புதிது வாங்கிவிட்டால் ஆவணி முகூர்த்தங்களுக்குத் தயாராக இருக்கலாம் என்று சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் நாணயமான கடைகள் நிறைய உண்டு. என் பழைய கம்ப்யூட்டரும் அங்கே வாங்கியதுதான், ஒன்பது வருடம் உழைத்தது. ஆனால் அந்தக் கடை இப்போது இல்லை, இந்த முறை நுழைந்தது வேறொரு கடை.

ரைசன் 5 5600 பிராசசர், அதற்கேற்ற போர்டு, ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, எட்டு எட்டாக 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி டிரைவ், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 550 வாட்டில். எல்லாம் பேசி முடித்ததும் கடைப் பையன், “ரெண்டு மணி நேரம் ஆகும், நீங்க சாப்பிட்டுட்டு வாங்க சார், ரெடி பண்ணி வெச்சிடறோம்” என்றான். போனேன். திரும்பி வந்தபோது கேபினட்டை மூடி, ஸ்க்ரூ முறுக்கி, அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிராசசர், போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றுக்கும் ஜிஎஸ்டி பில். மற்றதெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் ‘எஸ்டிமேட்’ என்று எழுதித் தந்தார்கள். “அதுக்கும் பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார்” என்றார் முதலாளி. நானும் சரி என்றேன். ஏமாற்றுவதற்கான கதவு அங்கேதான் திறந்தது. பில்லில் இல்லாத சாமான்கள் மட்டும்தான் பின்னால் பழையவையாக இருந்தன.

நான்காம் நாள் ஒரு வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்க விட்டுவிட்டு, காபி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அன்று மட்டும் ஐந்து முறை. டைப் அடிக்கும்போது ஒன்றுமில்லை, ரெண்டர் போட்டால் பத்து நிமிடத்துக்குள் போய்விடும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “விண்டோஸ் ப்ராப்ளம்” என்று ஃபார்மேட் செய்து 500 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாளில் மறுபடி அதேதான். மறுபடி ஃபார்மேட், மறுபடி 500. மூன்றாம் முறை போனபோது, “உங்க வீட்ல எர்த்திங் சரியில்ல சார், அதை முதல்ல பாருங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த எர்த்திங் பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்களோ. வீட்டுக்குப் போன வாடிக்கையாளர் எலக்ட்ரீஷியனைத் தேடி ஒரு வாரம் அலைவார், அதற்குள் பாதிப் பேர் சலித்துப் போவார்கள். நானும் 400 ரூபாய் கொடுத்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்தான் காட்டியது. “உங்க வீட்டு லைன்ல ஒரு குறையும் இல்லை” என்றார். அதன் பிறகும் சந்தேகம் தீர, கம்ப்யூட்டரைப் பல்லாவரத்தில் மச்சான் வீட்டுக்கு எடுத்துப்போய் ரெண்டர் போட்டேன். எட்டாவது நிமிடம் அணைந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி அணைகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்தான்.

அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் நடப்பதைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறை அணைந்ததற்கும் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்லாது. எனவே ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டியிருந்தது. முதலில் சூடு. ரெண்டர் ஓடும்போது பிராசசர் 72 டிகிரி. இந்த மாடலுக்கு உச்சவரம்பு 90, அதனால் சூடு காரணமில்லை. அடுத்து ரேம். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால்தான் இரண்டு சேனலும் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே தரவு போகும் வழிகள்) வேலை செய்யும். போர்டோடு வரும் புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது. மாற்றிப் போட்டேன்.

எஸ்எஸ்டியை, டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்தபோதுதான் வயிறு எரிந்தது. வாங்கிப் பதினொரு நாள். இரவு பகல் ஓடியிருந்தாலும் 264 மணி நேரம்தான் வரும். அதில் ஓடிய நேரம் 6,214 மணி என்று இருந்தது. இதுவரை எழுதிய தரவு 38 டிபி. யாரோ எட்டு மாதத்துக்கு மேல் ஓட்டித் தேய்த்ததை ஃபார்மேட் போட்டு எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். ஃபார்மேட் செய்தாலும் இந்தக் கணக்கு அழியாது, அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக வாங்கிய எல்லோரும் இன்றைக்கே இதைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சந்தேகம் வந்துவிட்டதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிவி மெக்கானிக்காக இருக்கும் நண்பரோடு சேர்ந்து கேபினட்டைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரவில்லை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் கேபிள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் நான்கு பின் கனெக்டர் இரண்டைச் சேர்த்து எட்டு பின்னாக மாற்றியிருந்தார்கள். வெள்ளை பிளாஸ்டிக்கின் ஒரு மூலை தேநீர் நிறத்துக்குக் கருகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கென்று தனி கேபிள் இருக்கும், கன்வெர்ட்டருக்குத் தேவையே வராது.

‘550 வாட்’ ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நண்பர் நகத்தால் மெல்ல உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். 300 வாட். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். என் கார்டு மட்டும் 130 வாட் இழுக்கும், பிராசசர் 65. கூட்டினால் 195, ஃபேனும் போர்டும் தனி. தாங்காமல் அணைந்ததில் ஆச்சரியமே இல்லை. எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு இந்த 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். நல்ல 550 வாட் சாமானில் 40-க்கு மேல் இருக்கும்.

நண்பர் மீட்டர் வைத்தும் பார்த்தார். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது 11.7. ரெண்டர் போட்டதும் 11.1-க்கு இறங்கி, எங்கள் கண் முன்னாலேயே அணைந்தது. இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

இதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வீடியோ அழைப்பிதழ் கேட்டிருந்த ஒரு பெரியவர் மூன்று முறை வீட்டுக்கு வந்து போனார். நான்காம் முறை போனில், “பரவாயில்லப்பா, வேற இடத்துல குடுத்துட்டேன்” என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

எல்லாவற்றையும் போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முதலில், “இது எங்க சாமானே இல்லை” என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அவர் முன்னாலேயே போனில் போட்டதும் குரல் மாறியது. சீல் உடைக்காத புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை, சீரியல் நம்பர் எழுதிய பில்லோடு கொடுத்தார். எஸ்எஸ்டிக்கு மட்டும் “பில் எங்க சார்?” என்று கையை விரித்துவிட்டார்.

எனவே உங்களுக்கு: பெட்டிகளை உங்கள் கையால் பிரித்துக் கொடுங்கள், அசெம்பிள் செய்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள், காலி அட்டைப் பெட்டிகளைக்கூடக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் சீரியல் நம்பரோடு பில். கடையிலேயே கனமான வேலை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கடி அணைந்தால் ஃபார்மேட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. வேறு கடையில் பில்லோடு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிட்டேன். பழையதற்காக 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த எஸ்எஸ்டியும், 6,214 மணி என்று காட்டும் திரையின் பிரிண்ட்டும், வெள்ளைத் தாள் எஸ்டிமேட்டும் ஒரே கவரில் இருக்கின்றன. தாளில் எழுத்து அவர்களுடையதுதான், தேதியும் போட்டிருக்கிறார்கள்.