குடமுருட்டிக் கலங்கலும் பருத்தித் தாளும்: கையால் செய்த 300 ஜிஎஸ்எம் தாள் பற்றி

மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் பிரித்துவிடும் தண்ணீர் காவிரியின் கிளையாறான குடமுருட்டிக்கு வந்து சேரும் முதல் சில நாட்களில் சருகும் நுரையும் மண்கலங்கலுமாகத்தான் ஓடும். அந்தக் கலங்கலை நீர்வண்ணத்தால் தாளில் கொண்டுவரப் பல ஆண்டுகளாக முயன்று வருகிறேன். ஆற்றையோ கரையையோ அடையாளம் தெரியும்படி நான் வரைவதில்லை. பென்சில் கோடும் போட்டுக்கொள்வதில்லை. தாளை நனைத்து முதல் நிறத்தை விட்டபின், அது போகும் போக்கைப் பார்த்தே அடுத்த நிறத்தை எடுக்கிறேன். இந்த முறைக்குத் தூரிகையைவிடத் தாள் முக்கியம் என்பதால், அண்மையில் வாங்கிய பத்துத் தாள்களைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

பருத்தித் துணியைக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி உலர்த்திய, சதுர மீட்டருக்கு 300 கிராம் (ஜிஎஸ்எம்) எடையுள்ள தாள் இது. நான்கு ஓரங்களும் பிசிறாக இருக்கும். மரக்கூழ்த் தாளில் பங்குனி வெயிலின்போது அடுத்த நிறத்தை யோசிப்பதற்குள் ஈரம் போய்விடும். இதுவோ திண்ணை நிழலில் கால் மணி நேரத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் சேர்த்து விட்டுத் தாளை மெல்லச் சாய்த்தேன். நீலத்துகள் தாளின் குழிகளில் தங்கிவிட, பழுப்பு மேலே விலகிப் பரவியது. காய்ந்தபின் கிட்டத்தில் பார்த்தால், தண்ணீர் வடிந்த மணலில் அலை விட்டுப்போகும் வரிகள் அப்படியே தெரிந்தன. நடுவே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்த இடம் மணல்திட்டாக வெளுத்து நின்றது. திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனாலும் அதைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிட்டது, அதற்குமேல் ஒரு சொட்டும் வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. பத்தில் இரண்டு தாள்களில் பசையேற்றம், அதாவது நீர் சட்டென்று ஊறாமலிருக்கத் தாளுக்கு ஏற்றும் பசை, சீராக இல்லை. விட்ட நிறம் மையொற்றுத் தாளில் விட்டதுபோல ஊறிப் பின்பக்கம் தெரிந்தது. விற்றவர்களிடம் சொன்னபோது, கைத்தாள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்பரப்பு மேடுபள்ளமாக இருப்பது கைவேலையின் இயல்பு, பசையைச் சீராக ஏற்றுவது செய்பவரின் பொறுப்பு. தாளைப் பலகையில் ஒட்டிவைத்த மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வருகிறது. கிளிப் போட்டுக்கொள்வது நல்லது. ஐப்பசி அடைமழையில் பூஞ்சைப் புள்ளி விழாமலிருக்க, தாள்களைச் சுவரோரம் சாய்க்காமல், காற்றோட்டமான இடத்தில் உலர்ந்த காகிதம் இடையிட்டு வைக்க வேண்டும்.

கோபுரச் சிற்பங்களைப் பேனாவால் நுணுக்கமாக வரைபவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். நிப்பு நாரில் சிக்கும். நீரைப் போகவிட்டு, அதன் பின்னே போய் வரைபவர்கள் தயங்காமல் வாங்கலாம். நானும் தண்ணீர் வருவதற்குள் இன்னும் இருபது தாள் வாங்கவிருக்கிறேன். இந்த முறை கடையிலேயே கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு நிற்கிறதா, உடனே ஊறுகிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன்.