முயல் குட்டிகளுக்குக் குதிரைமசால்: கொடுத்துப் பார்த்த அனுபவம்

கோவையில் வீட்டு மாடியில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். எட்டு வாரக் குட்டிகளாக வந்தவற்றுக்கு இப்போது இரண்டு வயது ஆகிறது. ஏழு மாதம் வரை குதிரைமசாலுக்கு (லூசர்ன் என்ற பசுந்தீவனப் பயிர்) ஈடு கிடையாது. அதற்கு மேல் அது தேவையில்லை, கெடுதலும்கூட.

வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய வேண்டும். சாதாரணப் புல்லைவிட இவை இரண்டும் குதிரைமசாலில் அதிகம். மாட்டுக்குப் பயிரிடுபவர்களிடம் பச்சைக் கட்டாக வாங்கி நிழலில் உலர்த்துகிறேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சத்து பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. உச்சி வெயில் நேரத்தில் புரட்டினால் இலை நொறுங்கிக் கொட்டிவிடும், கையில் மிஞ்சுவது வெறும் தண்டு. ஈரப்பதம் இருக்கும் காலை வேளையில்தான் புரட்ட வேண்டும். அடைமழைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பூஞ்சை பிடித்த தீவனத்தைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

பெல்லட் தீவனம் (அரைத்துச் சிறு உருளைகளாக அழுத்திய தீவனம்) வாங்கும்போது பையில் இருக்கும் கேரட் படத்தைப் பார்க்காதீர்கள். நார்ச்சத்து அளவைப் பாருங்கள். 18 சதவீதத்துக்குக் குறைந்தால் நான் தொடுவதில்லை. ஒரு கடையில் மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் கலந்த தீவனத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். குட்டிகள் விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைச் சீந்தவே இல்லை.

எப்போது மாற்றுவது என்பதை முயலே காட்டிக்கொடுக்கும். உபரிச் சுண்ணாம்புச் சத்தை முயல் சிறுநீரில்தான் வெளியேற்றுகிறது. ஏழாம் மாதவாக்கில் சிமென்ட் தரையில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி படிந்தது. விடிகாலையில் குனிந்து முயல் தானே தின்றுவிட வேண்டிய மென்புழுக்கையும் (சத்து மிகுந்த மென்மையான புழுக்கை) கொத்துக் கொத்தாகக் கூண்டில் கிடந்தது. தீவனத்தில் சத்து மிஞ்சுகிறது என்று அர்த்தம்.

உலர்ந்த கினியாப் புல்லைச் சிறிது சிறிதாகக் கலந்து, சில வாரங்களில் முழுவதும் மாற்றினேன். ஆண் முயல் உடனே பழகிவிட்டது. பெண் முயலோ புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீம்புக்குப் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். அதனால் பெல்லட்டையும் குறைக்கலாம் என்று இருந்ததைத் தள்ளிப்போட்டு, புல்லின் மேல் கொஞ்சம் கொத்தமல்லித் தழை தூவிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அம்மணி வாய் வைத்தாள்.