சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டையா, தகடா? இல்லை, சென்டர் ஸ்டாண்டா?

கடந்த நவம்பரில் ஒரு நாள் விடிகாலை வெளியே வந்து பார்த்தால், என் ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 பைக் இடது பக்கமாகப் படுத்துக் கிடந்தது. இரவு முழுக்க மழை. வீட்டை ஒட்டிய காலி மனையின் களிமண்ணில் சைடு ஸ்டாண்டு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. கிளட்ச் லிவரின் முனை ஒடிந்துவிட்டது, இடது கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 181 கிலோ வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியதை இடுப்பு இரண்டு நாள் நினைவூட்டியது.

அதன் பிறகு மூன்று வழிகளை யோசித்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கட்டை வைப்பது, ஸ்டாண்டின் பாதத்தில் அகலமான தகடு ஒன்றை மாட்டுவது, சென்டர் ஸ்டாண்டு வாங்கிப் பொருத்துவது. கடைசியில் தகடு மாட்டினேன். ஏழு மாதம் ஆகிறது.

கட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஓட்டுத் துண்டு, தட்டைக் கல், நசுக்கிய டப்பா மூடி என்று கைக்கு அகப்பட்டதை வைப்பவர்கள் உண்டு. கொட்டாங்குச்சி வைத்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். நான் வைத்தது சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய ஒன்றரை அங்குல ரீப்பர்த் துண்டு. செலவு இல்லை, மண்ணிலும் இறங்கவில்லை. ஆனால் வண்டியை எடுக்கும்போது கட்டை தரையிலேயே தங்கிவிடும். அலுவலகக் காவலாளி அண்ணன் வாரம் ஒருமுறை, 'சார், உங்கள் கட்டை' என்று நீட்டுவார். கயிறு கட்டி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்திருக்கும்.

கட்டையைக் கைவிட்டதற்குக் காரணம் மறதி இல்லை, அதன் தடிமன். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்கும்போது அதன் கண்ணாடி என் வண்டியை லேசாக உரசியது. அவ்வளவுதான், வண்டி வலது பக்கமாகச் சரிந்தது. நல்லவேளையாக அவர் முழங்காலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். ஸ்டாண்டு இருக்கும் பக்கம் விழுந்தால் மண்ணைக் குறை சொல்லலாம். எதிர்ப்பக்கம் ஏன் விழ வேண்டும்?

சைடு ஸ்டாண்டில் வண்டி நிற்பதே அதன் சாய்வால்தான். எடையில் ஒரு பங்கு இடது பக்கமாக ஸ்டாண்டின் மேல் அழுந்திக்கொண்டிருக்க வேண்டும். என் வண்டியில் டயர் தரையைத் தொடும் கோட்டிலிருந்து ஸ்டாண்டின் பாதம் ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. அப்படியானால் பாதத்தை 1 செ.மீ. உயர்த்தும் ஒவ்வொரு முறையும் சுமார் 2 டிகிரி சாய்வு போய்விடும். வழக்கமான சாய்வே 10 டிகிரிதான் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை அங்குலக் கட்டை அதில் 7 டிகிரிக்கு மேல் தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பதைக் கவிழ்க்க ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி போதும்.

நம்பிக்கை வராமல், வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். அதன் உயரம் 3 செ.மீ. முள் 20 கிலோவை ஒட்டி நின்றது. பிறகு இரண்டு சக்கரங்களுக்கும் அடியில் அதே உயரத்தில் பலகை வைத்து, பழைய சாய்வுக்கே கொண்டுவந்து பார்த்தால் 45 கிலோ. வெறும் 3 செ.மீ. உயரம் பிடிமானத்தில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டது. பின்னால் மூட்டை கட்டினாலும் இதேதான் நடக்கும். ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழும், ஸ்டாண்டின் நீளம் மாறாது, எனவே வண்டி நிமிர்ந்துவிடும்.

தகடு ஜெயித்தது இந்தக் கணக்கில்தான். நான் மாட்டியதன் அடித்தகடு 5 மி.மீ. தடிமன். சாய்வில் 1 டிகிரி போகிறது, அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பரப்போ எங்கேயோ போய்விடுகிறது. பழைய பாதம் சுமார் 12 சதுர செ.மீ., இது 60. மண்ணின் மேல் விழும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிறது. கத்திரி வெயிலில் இளகிய தார்ச்சாலையில் முன்பெல்லாம் ஸ்டாண்டு குழி பறிக்கும். இந்த மே மாதம் தகட்டின் ஓரம் மட்டும் லேசாகத் தடம் பதித்தது. டிசம்பர் மழையில் அதே காலி மனையில் நிறுத்தினேன். சேறு ஒட்டியதே தவிர வண்டி அசையவில்லை.

தகட்டிலும் குறை உண்டு. அதிர்வில் திருகுகள் தளரும். இரண்டாவது மாதம் ஒன்று பாதி கழன்று கடகடவென்று ஆடியது. கழலாமல் இருக்கத் தடவும் நீலப் பசையை ஒரு சொட்டு விட்டு இறுக்கிய பிறகு சத்தமில்லை. மாட்டியதும் ஸ்டாண்டை மடித்துப் பார்த்துவிடுங்கள், தகடு எதிலும் இடிக்கக் கூடாது. வளைவுகளில் இடது பக்கம் ஆழமாகச் சாய்த்து ஓட்டுபவர்களுக்கு இது தரையில் உரசுமா என்று என்னால் சொல்ல முடியாது. நான் அப்படி ஓட்டுபவன் இல்லை.

சென்டர் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. என் ஹன்டருக்கு அதைத் தனியாக வாங்க வேண்டும். என் அண்ணனின் கிளாசிக் 350-இல் வண்டியோடே வந்தது, அதை அவ்வப்போது போடுவேன். கையால் இழுக்காமல் காலால் முழு எடையையும் கொடுத்து மிதித்தால் 195 கிலோவும் ஏறிவிடுகிறது. சிமென்ட் தரையில், நெருக்கிய வரிசையில் அதற்கு இணை கிடையாது. பின்சக்கரம் சுற்றுவதால் செயினுக்கு எண்ணெய் போடுவதும் சுலபம். ஆனால் முன்பக்கம் தாழ்ந்த சரிவில் வண்டி தானாக முன்னே உருண்டு ஸ்டாண்டை மடித்துக்கொண்டு இறங்கிவிடும். அங்கே சைடு ஸ்டாண்டைப் போட்டு, முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் விடுவதுதான் சரி. ஈரக் களிமண்ணில் அண்ணன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சோதிக்க நான் தயார்தான், அவர் சாவி தர மறுக்கிறார்.