ஆயில் லைட் அணைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், 46,500 ரூபாய் போச்சு

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். முந்தாநாள் ராத்திரி கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். நேற்று இன்ஜினைத் திறந்து பார்த்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2008 மாடல் டாடா 407 சின்ன லாரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காடு, திருச்சூர் பக்கம் காய்கறி ஏற்றுகிறேன். போன மாதம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிக்னலில் நின்றால் ஆயில் லைட், அதாவது ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு, மினுக்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். கூடவே அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம். வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் சத்தம் எனக்குத் தெரியும், அது மேலே சளசளவென்று கேட்கும். இது கனமான சத்தம், லோடோடு மேடு ஏறினால் இன்னும் கூடியது. ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் அளவு சரி, டீசல் கலந்த வாடையும் இல்லை.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்த டீசல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயரைக் கேட்காதீர்கள், வக்கீல் போட வேண்டாம் என்றிருக்கிறார். ஓனர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். “கனெக்டிங் ராட் பேரிங் போச்சுண்ணே. இப்படியே ஓட்டுனா ராடு பிளாக்க உடைச்சுட்டு வெளிய வந்துரும்” என்றார். பிஸ்டனையும் கிராங்க் என்கிற சுழலும் தண்டையும் இணைப்பது ராடு, அது கிராங்கில் உட்காரும் இடத்தில் இருக்கும் தேய்மானத் தகடுதான் அந்தப் பேரிங். பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “இருபது வருசக் காதுண்ணே, மீட்டர் எதுக்கு?”

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. ராட் பேரிங்தான் போயிருந்தது. வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வைத்தியம் பார்க்காமலேயே காசை வாங்கிக்கொண்டார்.

கிராங்க் கிரைண்டிங் (தேய்ந்த கிராங்கை அரைத்துச் சமன் செய்வது), பேரிங் செட், புது ஆயில் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 46,500. முப்பதாயிரத்தை ஜிபேயில் போட்டேன், மீதி 16,500 கையில் கொடுத்தேன். பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது: லேத்தில் பளபளவென்று ஒரு கிராங்க். “உங்களுதுதாண்ணே.” நானும் கும்பிடு போட்டு அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

வண்டியை எடுத்தபோது சத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. லைட் எரியவே இல்லை. சாவி போட்டபோதுகூட எரியவில்லை. அதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன் சாவி போட்டால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும், அப்போது பிரஷர் கிடையாது அல்லவா? நான் பாட்டுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு லோடு ஏற்றப் போனேன்.

சரியாகப் பதினோரு நாள். கோபாலபுரம் தாண்டியதும் டொக் டொக் திரும்பி வந்தது. கொழிஞ்சாம்பாறை நெருங்கும்போது சம்மட்டி அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். முருங்கைக்காயும் தக்காளியும் வேறு வண்டிக்கு மாறியதற்குத் தனி வாடகை.

பொள்ளாச்சியில் வயசான மெக்கானிக் ஒருவர். முதல் வேலையாக பிரஷர் சுவிட்சைத் தேடினார். சுவிட்சுக்குப் போகிற ஒற்றை ஒயரைக் கழற்றி, கருப்பு டேப் சுற்றி, மற்ற ஒயர்களுக்குள் சொருகி வைத்திருந்தார்கள்! சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரை மாட்டினார். சூடான இன்ஜின், ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலில் கால் கிலோ பிரஷர்கூடக் காட்டவில்லை. இந்த இன்ஜினுக்கு ஒரு கிலோவாவது இருக்கணும் என்றார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போவதை நிறுத்திப் பார்க்க, துணியைச் சுற்றி இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லூஸ் செய்தார். மூன்றாவதில் சத்தம் பாதியாக இறங்கியது. “மூணாவது ராடு, தம்பி.” ஐந்து நிமிட வேலை, உடனே நிறுத்திவிட்டார்.

ஆயிலை இறக்கினால் விளக்கெண்ணெய் மாதிரி இழுத்தது. சத்தம் குறைந்த ரகசியம் அதுதான். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினோம். சுற்றிலும் சிலிகான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள், உள்ளே பிதுங்கிய சாம்பல் நிறத் துணுக்குகள் பிய்ந்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் பருக்கை பருக்கையாக ஒட்டியிருந்தன. அரை குறையாக ஓடிய ஆயிலையும் அதுவே அடைத்துவிட்டது. பம்ப் பழையதேதான். மூன்றாவது ராட் பேரிங்கில் மேல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்னொன்றைத் திருப்பி முதுகைத் துடைத்துக் காட்டினார்: ஸ்டாண்டர்டு சைஸ் முத்திரை. என் கையில் இருக்கும் துண்டுச் சீட்டிலோ “கிராங்க் 0.25 கிரைண்டிங்”. 0.25 மில்லிமீட்டர் அரைத்து மெலிந்த கிராங்கில், அரைக்காத கிராங்குக்கான ஸ்டாண்டர்டு பேரிங் எப்படி உட்காரும்? கிராங்கை அவர்கள் தொடக்கூட இல்லை. 46,500 ரூபாய்க்கு ஒரு டப்பா பேஸ்ட், கொஞ்சம் டேப், கெட்டி ஆயில்.

போன் செய்தேன். பையன் எடுத்தான், “ஓனர் பழனிக்குப் போயிருக்காருண்ணே.” சாயங்காலம் அவரே எடுத்தார், “ஓவர் லோடு அடிச்சிருப்பீங்க.” பேரிங் போட்டோவை அனுப்பினேன். “அது யாரு பேரிங்கோ, எனக்கென்னண்ணே தெரியும்?” பழைய சாமான் எங்கே என்றேன். “காயலாங்கடைக்குப் போயிருச்சு.” அதற்கப்புறம் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அறிமுகம் செய்த சொந்தக்காரரும் “அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லையே” என்கிறார்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. சாவி போட்டதும் ஆயில் லைட் எரிகிறதா என்று தினமும் பாருங்கள். மீட்டர் மாட்டிப் பிரஷர் பார்க்காமல் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். பழைய பேரிங்கைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். லேத்துக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள், போட்டோவை நம்பாதீர்கள்.

இப்போது நிஜமாகவே என் கிராங்க் லேத்தில் இருக்கிறது. மூன்றாவது ராடு உட்காரும் பின் ரொம்பக் கீறியிருக்கிறது, 0.25 போதாது, 0.50 எடுக்க வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும்.