எம்எம் 540 ஜீப்பில் எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: ஒரு மதிப்பீடு

மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் இருப்பது 2112 சிசி ப்யூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். அதன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும் விசிறியை ஃபேன் பெல்ட் சுழற்றுகிறது. இந்த விசிறியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் எலெக்ட்ரிக் ஃபேனைப் பொருத்துவது பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடையே இப்போது பரவலாகி வருகிறது. என் வண்டியில் மூன்று வகைகளைப் பொருத்திப் பார்த்தேன்: சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மாருதி 800 ஃபேன், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று இணையத்தில் விற்கப்படும் பெயர் தெரியாத 14 அங்குல கிட், இத்தாலியின் ஸ்பால் நிறுவனம் தயாரிக்கும் 14 அங்குல ஃபேன். மூன்றில் ஸ்பால்தான் வண்டியில் நிலைத்தது. ஆனால் ஃபேனுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, அதைச் சுற்றி அமைக்கும் கவருக்கும் ஒயரிங்குக்கும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் செலவிடும் பணமே இன்ஜினைக் குளிர்விக்கிறது என்பதை வாங்க நினைப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பெல்ட் விசிறி இன்ஜின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படாத நெடுஞ்சாலை வேகத்தில், முன்புறமிருந்து வரும் காற்றே ரேடியேட்டருக்குப் போதுமானதாக இருக்கும்போது, அது வீணாக முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்தின் விகிதத்தில் கூடினாலும், அது தின்னும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. அதாவது வேகம் இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்காகிறது. 62 குதிரைத்திறன் மட்டுமே உள்ள இன்ஜினில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். ப்யூஜோவே இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது என்பது ஒரு வேடிக்கை: 1960இல் வந்த அதன் 404 காரில், தண்ணீர் சூடானால் மட்டும் மின்காந்தத்தால் பிடித்துக்கொண்டு மற்ற நேரங்களில் விடுபட்டு நிற்கும் விசிறி இருந்தது. நம் ஜீப்புக்கு அந்த வசதி வந்து சேரவில்லை.

இருந்தாலும், மலை ஏறும்போது எலெக்ட்ரிக் ஃபேன்தான் மேல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஆள்களை நிறைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் நல்ல சுழற்சியில்தான் இருக்கும். பெல்ட் விசிறியும் அதே வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே சரியான கவருடன் உள்ள பழைய விசிறி, மலிவான எலெக்ட்ரிக் ஃபேனைவிட அதிகக் காற்றைத் தள்ளுகிறது; இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் முள்ளும் அதையே காட்டியது. எலெக்ட்ரிக் ஃபேன் தன் தகுதியைக் காட்டும் இடம் வேறு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாறைப் பாதையில், லோ கியரில், ஐடிலுக்குச் சற்று மேலான சுழற்சியில், நடப்பவரைவிட மெதுவாக வண்டி ஊர்ந்து போகும்போது இன்ஜின் மீது பாரம் இருக்கும், எதிர்க்காற்று இருக்காது, பெல்ட் விசிறியும் சோம்பிக் கிடக்கும். எதிரே இறங்கி வரும் ஜீப்புக்கு வழிவிட ஏற்றத்தில் நின்றுகொண்டிருக்கும் நேரமும் அப்படித்தான். இந்த இரண்டு நிலைகளிலும் இன்ஜின் எப்படி ஓடினாலும் முழுக் காற்றையும் கொடுப்பது மின்மோட்டார் மட்டுமே.

இனி மூன்று ஃபேன்களையும் பார்க்கலாம். மாருதி 800இன் ஃபேன் 796 சிசி பெட்ரோல் இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது; அதை அப்படியே இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட டீசலின் முன் தனியாக நிறுத்துவது நியாயமில்லை. சமவெளியில், ஆள் குறைவாக இருக்கும்போது அது சமாளித்தது. ஏற்றத்தில் ஓடிக்கொண்டே இருந்ததே தவிர, முள்ளைக் கீழே இறக்கவில்லை. பழைய மோட்டாரில் கார்பன் பிரஷும் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கடையில் பேட்டரி கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்தாலும் முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு ஃபேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) கொடுப்பவர்களுக்கு இது மலிவான வழி. அதற்கு மேல் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தில் வாங்கிய கிட்டின் பெட்டியில் ஒரு நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று என்று பெரிய எண் அச்சிடப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் முன்னே எந்தத் தடையும் இல்லாமல் ஃபேனைத் தனியாக ஓடவிட்டு அளந்தவை. தண்ணீர்க் குழாய்களும் அடர்த்தியான தகடுகளும் உள்ள ரேடியேட்டரின் நடுப்பகுதியான கோருக்குப் பின்னால் வைத்ததும் காற்று குறைந்துவிடும்; எவ்வளவு குறையும் என்பது இறக்கையின் வடிவத்தையும் மோட்டாரின் வலுவையும் பொறுத்தது. இந்தக் கிட்டின் மோட்டார் மெல்லியது, சத்தம் பெரியது. அதைவிட மோசமானது அதைப் பொருத்தும் முறை: கோரின் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பிகளைச் செருகி மறுபக்கம் இறுக்கச் சொல்கிறார்கள். தார்ச் சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது தாங்கலாம். பாறையில் குலுங்கும் ஜீப்பில் ஃபேனின் எடை முழுவதும் அந்தக் கம்பிகளின் வழியாகக் கோரின் மீது ஆடும். கம்பி குழாயை உராய்ந்து உராய்ந்து ஒரு நாள் கசிவு தொடங்கும். எந்த ஃபேனை வாங்கினாலும் ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்து, ரப்பர் புஷ்ஷோடு போல்ட் போட்டே மாட்ட வேண்டும்.

ஸ்பால் ஃபேனின் விலை கிட்டைவிடப் பல மடங்கு. அந்த விலைக்குக் கிடைப்பவை வளைந்த இறக்கைகள் தரும் குறைந்த சத்தம், நீர் புகாத வகையில் மூடப்பட்ட மோட்டார், கோருக்குப் பின்னால் வைத்த பிறகும் குன்றாத இழுவிசை. வாங்கும்போது இழுக்கும் வகையா, தள்ளும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். கோருக்கும் இன்ஜினுக்கும் இடையே வைத்தால் இழுக்கும் வகை. முன் கிரில்லுக்குப் பின்னால், கோரின் முன்புறம் வைத்தால் தள்ளும் வகை. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் திரும்பிச் சுற்றும், ஆனால் வளைந்த இறக்கை தவறான திசையில் சுற்றினால் காற்று வெகுவாகக் குறையும். இடம் இருந்தால் இழுக்கும் வகையையே எடுங்கள். தள்ளும் வகை தான் ஓடாத நேரத்தில் எதிர்க்காற்றையே மறைத்துக்கொண்டு நிற்கும்.

கவர் விஷயத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். ரேடியேட்டரின் கோர் 18 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 324 சதுர அங்குலம். 14 அங்குல ஃபேன் மூடும் வட்டம் 154 சதுர அங்குலம். கோரின் மீது நேரடியாக ஃபேனை ஒட்டி மாட்டினால் பாதிக்கும் குறைவான பரப்பில் மட்டுமே காற்று போகும். மூலைகளில் ஓடும் தண்ணீர் சூடு குறையாமலே திரும்பும். கோர் முழுவதையும் மூடி, நடுவில் ஃபேனுக்கு மட்டும் வாய் விட்டு, கோரிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி நிற்கும் தகரக் கவர் ஒன்றை உள்ளூர் டின்கர் கடையில் செய்து மாட்டியபோது, அதே ஸ்பால் ஃபேன் வேறு ஃபேன் போல நடந்துகொண்டது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்று தடைபடாமல் இருக்க, கவரின் மூலைகளில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் மடல்களை வைத்தால் இன்னும் நல்லது.

மின்சாரக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். இந்த அளவுள்ள ஃபேன் ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 12 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம். இரண்டு 60 வாட் ஹெட்லைட்டுகள் ஹை பீமில் 10 ஆம்பியர் எடுக்கும். வைப்பரும் பின் விளக்குகளும் சேர்ந்தால், மழை இரவில் ஊர்ந்து போகும் வண்டியில் பழைய, சிறிய ஆல்டர்னேட்டர் பின்தங்கிவிடும். ஐடிலில் அது தன் முழுத்திறனைத் தருவதில்லை, ஃபேன் தேவைப்படும் நேரமோ அதே ஐடில்தான். டைனமோ உள்ள இன்னும் பழைய ஜீப்புகளில் ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்குத் தனி ஒயர், 87இலிருந்து ஃபேனுக்கு, 86க்குச் சாவி திறந்தால் மட்டும் வரும் சப்ளை, 85இலிருந்து, தண்ணீர் சூடானால் இணைக்கும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த் என்று கொடுத்துவிட்டால் பழைய டாஷ்போர்டு ஒயரிங்கில் சுமை ஏறாது. ஃபேனுக்குப் போகும் ஒயர் குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். தெர்மோ சுவிட்ச், இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்தில் இயங்க வேண்டும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுடன் 80 டிகிரி சுவிட்சை மாட்டினால் ஃபேன் நிற்கவே நிற்காது.

ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஃபேனை நிறுத்த ஒரு சுவிட்சும் அவசியம். ஓடையில் இறங்கும்போது சுழலும் விசிறி தண்ணீரில் முன்னோக்கி வளைந்து கோரைக் கிழிக்கக்கூடும். பழைய ஓட்டுநர்கள் இதற்காகவே ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள், ஆனால் அப்படிச் செய்தால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி, கரையேறியதும் போட்டுக்கொள்ளும் வசதி எலெக்ட்ரிக் ஃபேனின் மறுக்க முடியாத லாபம்.

டீசல் மிச்சமாகும் என்ற விளம்பரத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் சுமார் 200 வாட் எடுக்கிறது; அந்த மின்சாரமும் ஆல்டர்னேட்டர் வழியாக இன்ஜினிடமிருந்துதான் வருகிறது. ஃபேன் நின்றிருக்கும் நேரங்களில் மட்டுமே லாபம். ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டிருந்தாலோ, பிரஷர் கேப்பின் ரப்பர் செத்துப்போயிருந்தாலோ, இன்ஜின் தலைப்பகுதியின் இடைவெளியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலோ இந்த மூன்று ஃபேன்களில் எதுவும் உதவாது. கோரைத் திறந்து குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைக்கு முதலில் போங்கள். அதற்குப் பிறகும் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறினால் ஸ்பாலுக்குப் பணம் கொடுங்கள். கரடுமுரடான பாதைக்கே போகாமல் மலைச் சாலையில் மட்டும் ஓட்டுபவர்கள் பழைய விசிறியை வைத்துக்கொண்டு, அதன் கவரையும் பெல்ட்டையும் சரிசெய்தால் போதும்.

பழைய விசிறியைக் கழற்றும்போது அதன் தடிமன் அளவுக்கு வாட்டர் பம்ப் புல்லியின் போல்ட்டுகள் நீண்டுவிடும். அவற்றை அப்படியே முடுக்கினால் முனை பம்பின் உடலில் இடிக்கக்கூடும், ஆகவே குட்டையான போல்ட்டுகளோ சரியான தடிமனில் வாஷர்களோ போட வேண்டும். கழற்றிய விசிறியையும் அதன் நீளமான போல்ட்டுகளையும் விற்றுவிடாமல் பின் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்; மலைமேல் மோட்டார் எரிந்தால், எலெக்ட்ரிக் ஃபேனையும் கவரையும் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.