குன்னூர் குளிரில் தேநீருக்குத் துணை எது?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் காரட்டைத் தள்ளிவைத்துவிட்டோம். இனிக்கிறதே என்ற பயம். ஆனால் மாலைத் தேநீரில் தோய்த்துத் தின்னும் வர்க்கி என்ற மொறுமொறு அடுக்கு ரொட்டியை யாரும் நிறுத்தவில்லை. அது உப்புச் சுவைதானே என்று விட்டுவிட்டோம். ஒரு வருடம் கழித்துத் தராசை எடுத்துவைத்துத் தின்பண்டங்களை எடைபோட்டபோதுதான் எங்கள் தவறு புரிந்தது.

வர்க்கியை நான் குறை சொல்ல வரவில்லை. 2023இல் 'ஊட்டி வர்க்கி' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் நீலகிரிப் பண்டம் அது. பிய்த்தால் அடுக்கு அடுக்காக உதிரும். தேநீரில் நனைந்தால் நாக்கிலேயே கரையும். கரைவதற்குக் காரணம் மைதாவும் கொழுப்பும். எங்கள் கடை வர்க்கி இரண்டு 50 கிராம் இருந்தது. அதில் கார்போஹைட்ரேட் மட்டும் ஏறக்குறைய 30 கிராம் என்று கணக்கிட்டேன். சுவையில் இனிப்பு குறைவாக இருந்தாலும் மைதா உடலுக்குள் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது.

கோதுமை பிஸ்கட்டுக்கு மாறலாம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் இருந்த அந்தப் பொட்டலத்தில் முதல் பெயர் மைதா, அடுத்துச் சர்க்கரை. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தாலும் மாவு மாவுதான். மொத்தக் கார்போஹைட்ரேட் என்ற வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

உருளைக்கிழங்குதான் எனக்கு வியப்பளித்தது. வேகவைத்த கிழங்கு 150 கிராமில் அதே 30 கிராம் இருக்கிறது. ஆனால் அதில் கொழுப்பு இல்லை, வயிறு நிறைகிறது. ஆறவைத்தால் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகைக்கு மாறுகிறது. நல்லதுதான், ஆனால் அதை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிட முடியாது.

பச்சைப் பட்டாணி வேகவைத்தது ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம்: கார்போஹைட்ரேட் 23 கிராம், நார்ச்சத்து எட்டு, புரதமும் எட்டு. மிளகுத்தூள் தூவினால் போதும், குளிருக்கு இதமாக இருக்கிறது.

நாங்கள் பயந்த காரட்டோ? 150 கிராமில் 15 கிராமுக்கும் குறைவு, அதிலும் நான்கு கிராம் நார்ச்சத்து. தழையோடு வாங்கிவந்து மண் போகக் கழுவிக் கடித்துத் தின்ன, அரை மணி நேரம் மெல்ல வேண்டியிருக்கிறது. சாறாகப் பிழிந்தால் இந்த நன்மை போய்விடும்; நார் சக்கையோடு குப்பைக்குப் போகும், இனிப்பு மட்டும் தம்ளரில் தங்கும்.

தேநீரையும் சொல்லியாக வேண்டும். தேயிலையில் கார்போஹைட்ரேட் என்று சொல்ல ஒன்றுமில்லை. அரைத் தம்ளர் பாலில் மூன்று நான்கு கிராம் பால் சர்க்கரை, நாம் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரையில் எட்டு முதல் பத்து. தேன் ஊற்றினாலும் நாட்டுச்சர்க்கரை போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

என் தீர்ப்பு: தினமும் பட்டாணி அல்லது காரட், வாரத்துக்கு ஒரு நாள் ஒரே ஒரு வர்க்கி. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அம்மா இப்போது ஞாயிறு மாலை அந்த ஒன்றை அடுக்கடுக்காகப் பிய்த்து, கால் மணி நேரம் சாப்பிடுகிறார்.